ரெஃப்யூஜில் ஏழு இரவு

கட்டிய மனைவியோடு, பிள்ளைகளும் கடையும் போனும் இல்லாமல், கோர்சிகாத் தீவின் மலைகளில் ஏழு நாட்கள் நடந்து திரிவதற்கு விலை ஆளுக்கு ஆயிரத்து எண்ணூற்று நாற்பது யூரோ. தள்ளுபடி கிடையாது.

இராஜரட்ணத்துக்குள் ஏதோ நெருடியது. கனடாவில், மோர்னிங்சைட்டில் இருபத்திரண்டு வருடமாகப் புடவைக்கடை நடத்துகிறவர் அவர். பேரம் பேசாமல் ஒருத்தி நோட்டை நீட்டினால் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். இப்போது யூனியன்வில்லில் மாடியிலிருந்த ஒரு பயண அலுவலகத்தில் பேரம் பேசாமல் கிரெடிட் கார்ட்டை எடுத்து மேசையில் வைத்திருந்தது அவருடைய சொந்த மனைவி ரதி. மோல் வாசலுக்குக் கிட்டப் பார்க்கிங் கிடைக்கும்வரை காரை மூன்று சுற்றுச் சுற்ற வைக்கிறவள். அவளுக்கு எதற்கு மலை?

"நடக்கிறதுக்கு ஏன் பிள்ளை காசு? எங்கடை பக்கத்துப் பார்க்கிலை சும்மா விடுறாங்களே?"

பயணங்களை ஒழுங்கு செய்யும் நிலக்சி சிரித்தாள். "வழிகாட்டி, சாப்பாடு, படுக்கை எல்லாம் சேர்த்துத்தான் அங்கிள். ஏழு இரவும் ரெஃப்யூஜிலை."

"எதிலை?"

"ரெஃப்யூஜ். மலையிலை தங்குற குடில். அங்கை அதுக்கு அதுதான் பேர்."

"ஏஜென்ற்றுக்குக் காசு கட்டி, மலை ஏறி, ரெஃப்யூஜிலை படுக்கிறதோ! ரதி, உதெல்லாம் நான் எண்பத்தொன்பதிலையே முடிச்சிட்டன். என்ரை அகதிக் கேஸையும் ஏற்றுக்கொண்டாச்சு."

"அனுபவமுள்ள ஆள் எண்டுதானே உங்களைக் கூட்டிக்கொண்டு போறன்," என்றாள் ரதி.

அந்தக் குரல் அவருக்குப் பிடிக்கவில்லை. புடவையின் உள்மடிப்பில் கிழிசல் இருப்பது தெரிந்தும், "நல்ல நிறம்" என்று சொல்லிச் சொல்லி மெதுவாக விரிக்கிற வாடிக்கையாளரின் குரல் அது.

'பதினொரு இரவு பனிக்குள்ளாலை மலை ஏறிக் கனடாவுக்கு வந்தவன் நான்.' முப்பது வருடமாக அவர் வீட்டில் எந்த வழக்கும் இந்த ஒரு வசனத்தோடு முடிந்துவிடும். கழுவாத கோப்பை, மறந்துபோன கலியாண நாள், ரதி கேட்ட புதுச் சமையலறை, எல்லாமே அந்த மலையில் மோதி விழுந்திருக்கின்றன. அந்த மலையின் உண்மையான உயரம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இராஜரட்ணம். மற்றவர் கூடவே வந்த அன்புராசா. போன மாதம் மார்க்கம் நகரில் ஒரு கலியாணவீட்டில் ரதி அன்புராசாவோடு அரைமணி நேரம் சிரித்துக் கதைத்தது இப்போது ஞாபகம் வந்தது. அவன் போட்டுக்கொடுத்துவிட்டானோ?

நிலக்சி படிவத்தைப் பார்த்தாள். "மலையிலை தொடர்ந்து எத்தினை நாள் நடந்திருக்கிறியள்?"

"அவருக்குப் பதினொண்டு போடும் பிள்ளை," என்றாள் ரதி.

"சூப்பர் அங்கிள்! அப்ப உங்களை வடக்குப் பாதையிலை விடலாம். சங்கிலியைப் பிடிச்சுப் பாறையிலை ஏறுற இடமெல்லாம் இருக்கு. ஆனா பிழையாப் போட்டா இன்சூரன்ஸ் காசு தராது."

இராஜரட்ணம் தொண்டையைச் செருமினார். "பதினொண்டு எண்டது ஒரு பேச்சுக்கு. ஏழு எண்டு போடும்."

ரதி திரும்பினாள்.

"நாலு."

அவள் இமைக்கவில்லை.

"சரி, ரெண்டு. கடைசி."

"கொள்விலையைச் சொல்லுங்கோ," என்றாள் ரதி.

"அரை இரவு." அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார். "மிச்சம் லொறியிலை. வெங்காய மூட்டைக்கு மேலை."

நிலக்சி அவசரமாகக் கணினியில் எதையோ தேடத் தொடங்கினாள்.

"உமக்குத்தான் முந்தியே தெரியுமே. அன்புராசா சொன்னவன்தானே?" என்றார் இராஜரட்ணம்.

"அன்புராசா அண்ணை தன்ரை மகளின்ரை வீட்டு மோர்ட்கேஜைத்தான் கதைச்சவர்." என்றாள் ரதி. "எனக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் பட்ட பாட்டை நானும் ஒருக்கா நடந்து பாப்பம் எண்டுதான் வெளிக்கிட்டனான்."

ரதி நிலக்சியின் பேனையை வாங்கி, லேசான தெற்குப் பாதைக்குப் புள்ளடி போட்டாள். பிறகு விலைத்தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் எழுதி, கணவன் பக்கம் தள்ளினாள்.

சொன்னது: பதினொரு இரவு.
நடந்தது: அரை.
கோர்சிகாவில் நடக்கப்போவது: ஏழு.
நிலுவை: மூன்றரை.