சோழவரத்துக்கு ஒரு மொட்டை

என் மாமியார் ஜெயம்மாள் வாயைத் திறந்தால் தறிச்சத்தம் கூடக் காதில் விழாது. அப்படிப்பட்டவள் சோழவரத்து வெயிலில் ஒரு வார்த்தை பேசாமல் நின்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எண்பத்திரண்டாம் வருஷம், மாசி மாதம்.

ஆர்.கே.பேட்டையில் எங்களுக்கு நாலு பவர்லூம். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய என் வீட்டுக்காரர் மணவாளன், மெட்ராஸில் ஞானப்பிரகாசம் என்பவரின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து, அவர் கட்டிய பந்தயக் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். கார் என்றால் நீங்கள் நினைக்கிற கார் இல்லை. ஒரே ஆள்தான் உட்காரலாம், அதுவும் பாதி படுத்தபடி. கதவு இல்லை, கூரை இல்லை, சக்கரம் நாலும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். இது கற்றுக்குட்டிகளுக்கான பந்தயமாம். இதில் கோப்பை வாங்கியவன்தான் பெரிய வண்டிக்குப் போவான்.

போன வருஷம் தோள்பட்டை எலும்பு முறிந்து வீட்டுக்கு வந்தார். இந்த வருஷம் கோப்பை கிடைத்தால் பெரிய வண்டி தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் தறிக்கே திரும்பிவிடுவதாக இவர் தன் அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

அந்தக் கோப்பையை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதுதான் எங்கள் மண்டையில் ஏறவில்லை. ஆரம்பத்தில் ஒரே ஓட்டம், முந்தியவனுக்குக் கோப்பை என்றுதான் இருந்ததாம். பிறகு ஊர் ஊராக ஓட்டி, பாயிண்டைக் கூட்டிப் பார்த்துக் கொடுக்கிற சாம்பியன்ஷிப் வந்துவிட்டது. “ஸ்கூல்ல காலாண்டு, அரையாண்டு, முழுப்பரீட்சை மார்க்கெல்லாம் கூட்டுவாங்களே, அந்த மாதிரி” என்று சோற்றைப் பிசைந்துகொண்டே விளக்கினார். அத்தை பள்ளிக்கூடமே போனதில்லை. நான் போனேன், ஆனால் என் மார்க்கைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. இருவரும் தலையாட்டி வைத்தோம்.

கடைசி ஓட்டம் சோழவரத்தில். அங்கே பழைய விமான ஓடுபாதைதான் பந்தய மைதானம். ஒலிபெருக்கியில் யாரோ இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தார், பாதியைக் காற்று கொண்டுபோனது. இவருடைய மஞ்சள் வண்டி முதலில் வந்துகொண்டிருந்தது. பிறகு ஒருவன் முந்தினான், இன்னொருவனும் முந்தினான். இவர் துரத்தக்கூட இல்லை. வண்டிச் சத்தத்தைக் கேட்டுப் பயந்த ஆள் மாதிரி பின்னாலேயே வந்து, மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள். “வாடி கமலா, பஸ்ஸ புடிக்கலாம்.”

“பாவாவ ஒரு தரம் பாத்துட்டுப் போலாங்க அத்தை.”

“தோத்த புள்ள மூஞ்சிய இன்னாத்துக்குப் பாக்கணும்? வீட்டுக்குத்தானே வரப் போறான்.”

பெற்ற மனசு இப்படியா இருக்கும் என்று வழியெல்லாம் குழம்பினேன். கனகம்மாசத்திரம் தாண்டியதும், நாம் ஊருக்குப் போகவில்லை, திருத்தணியில் இறங்குகிறோம் என்றாள். காலையில் மலையில் முடி கொடுக்க வேண்டுமாம்.

“அவுருதான் தோத்துட்டாரே, அப்புறம் எதுக்கு முடி?”

“தோத்ததுக்குத்தான்” என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மீதியையும் சொன்னாள். “அவன் தோத்தா மொட்ட போட்டுக்கிறேன்னு வேண்டிக்கினேன். எலும்பு முறிஞ்சா கூடிக்கும். கழுத்து முறிஞ்சா கூடுமாடி?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் புருஷன் ராத்திரி பகலாக உயிரைக் கொடுத்து உழைத்ததை இவள் சாமியிடம் போய்க் கெடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ஆனால் அவர் இனிமேல் அந்த வண்டியில் ஏற மாட்டார் என்று நினைத்தபோது நெஞ்சில் அத்தனை நிம்மதி. எதை நம்புவது என்று தெரியாமல் அவள் தோளிலேயே சாய்ந்து தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி சிரித்தபடி கோயிலுக்கு வெளியே வந்தாள். வண்டிகளுக்குப் பூஜை போடுகிற இடத்தில் ஒரு லாரி நின்றது. அதிலிருந்து பலகை வைத்து மஞ்சள் காரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். காருக்கு மாலை. காருக்குப் பக்கத்தில் இவர். இவர் கையில், ஒரு படி அரிசி கொள்ளுகிற மாதிரி வெள்ளிக் கோப்பை.

“நீ மூணாவதா தானே நைனா வந்தே?” அத்தையின் குரல் எழும்பவே இல்லை.

“மூணாவதா வந்தா போதும்மா. மத்த ஊர்ல எடுத்த பாயிண்டே இருந்துது. எதுக்கு ரிஸ்க்குன்னு பின்னாலயே வந்தேன். சாம்பியன் நான்தான்...”

அப்போதுதான் அவள் தலையைப் பார்த்தார். கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, அத்தனை பேருக்கு நடுவில் அவள் காலில் விழுந்தார்.

“எனக்காகவாம்மா வேண்டிக்கினே? என்னை வுட்டுட்டுப் போய்ட்டீங்களேன்னு நேத்து எவ்ளோ வருத்தப்பட்டேன் தெரியுமா?”

அத்தை என்னைப் பார்த்தாள். நான் சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன்.

“ஆங், உனக்காகத்தான்” என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவர் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அடுத்த வருஷம் பெரிய வண்டிம்மா. இத மாதிரி ரெண்டு மடங்கு ஸ்பீடு. அதுக்கும் இப்பவே வேண்டிக்க. நீ கேட்டா சாமி குடுக்கிறார்.”

கையோடு எங்களை மறுபடியும் சன்னதிக்கு அழைத்துப் போனார். முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டார். கற்பூரம் காட்டினார்கள். அத்தை கும்பிட்ட கையோடு என் காதருகே சாய்ந்தாள்.

“இப்ப இன்னாடி கேக்கறது? ஜெயிக்கணும்னா, தோக்கணும்னா?”

எனக்கு மட்டும் தெரியுமா என்ன. “உசுரோட வீட்டுக்கு வரணும்னு மட்டும் கேளுங்க அத்தை.”

அவள் தலையைத் தடவிப் பார்த்தாள். சந்தனம் விரலில் ஒட்டியது. “சும்மா கேக்கறதா? குடுக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லியேடி.”

நான் என் பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டேன்.

“என்கிட்ட இருக்குது அத்தை” என்றேன்.