முதற்பிரதி பெறுபவர்

என் மகள் கஜந்தி பாடிய பாட்டுகள் ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு கராஜுக்குள் பூட்டிக் கிடந்தன. இசைத்தட்டு அடித்தாயிற்று, அட்டையில் அவளுடைய படமும் போட்டாயிற்று, பெட்டி பெட்டியாக அடுக்கியும் ஆயிற்று. வெளியே விடத்தான் ஆளில்லை. இதைக் கேட்டால் யாருக்குத்தான் விசர் பிடிக்காது?

கஜந்தி பாடுவது கன்ட்ரி பாட்டு. லொறிக்காரரும் மாடு மேய்க்கிறவர்களும் கிற்றாரை வைத்துக்கொண்டு பாடுகிற அமெரிக்கப் பாட்டு. எங்கள் சனத்தில் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் என் மனிசன்தான். அவர் பெயர் யோகராசா. இந்த ஹாகன் நகரத்துத் தமிழ்ச் சங்கத்தில் எல்லாருக்கும் அவர் யோகம் அண்ணை. அவர் லொறி ஓட்டிய காலத்தில், பள்ளி விடுமுறைக்குப் பிள்ளையைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஜெர்மனி முழுக்கச் சுற்றுவார். லொறி வானொலியில் இந்தப் பாட்டுத்தான் போகும். நான் வீணை வகுப்புக்கு அனுப்பிய பிள்ளை கிற்றாரோடு வந்து நின்றது. எனக்குப் பிடிக்கவில்லை என்று அப்போதே சொன்னேன். யார் கேட்டார்கள்?

ஆனால் தட்டு முடங்கியபோது, அவளைவிட எனக்குத்தான் வயிறு எரிந்தது. தட்டை அடித்தது, மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு புருசனும் பெண்சாதியும் நடத்திய சின்னக் கம்பனி. புருசன் ஊவே பிராண்ட், பெண்சாதி சபீனா. கம்பனி அவனுடைய பெயரில் இருந்தது. பாட்டுகளைப் பதிவு செய்ததெல்லாம் அவள், பழைய மாட்டுக்கொட்டிலைத் திருத்தி அமைத்த கூடத்தில். தட்டுகள் அடித்து வந்த அதே மாதம் இரண்டு பேரும் பிரிந்து, பதிவுகள் யாருக்குச் சொந்தம் என்று கோட்டுக்குப் போய்விட்டார்கள். வழக்கு முடியும்வரை ஒரு தட்டும் கராஜை விட்டு வெளியே போகக்கூடாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். இருவரும் பிரியட்டும், சேரட்டும், எனக்கென்ன? என் பிள்ளையின் தொண்டையை ஏன் நடுவில் பிடிக்கிறார்கள்?

வைகாசியில் வருகிற பிங்ஸ்ரன் விடுமுறையில் பெரிய கன்ட்ரி விழா ஒன்று நடக்கும். தட்டு வெளிவந்தவர்களுக்குத்தான் அதில் மேடை. போன வருடம் கஜந்திக்குக் கிடைத்த இடத்தை அவர்கள் பெரிய மனது பண்ணி இந்த வருடத்துக்கு மாற்றித் தந்தார்கள். இனி மாற்ற ஏலாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

“இந்த முறையும் வரேல்லையெண்டா நான் விட்டிடுவன் அம்மா,” என்றாள் கஜந்தி. “கிற்றாரையும் வித்துப்போட்டு, காப்புறுதிக் கந்தோர் வேலையோட இருப்பன்.”

அழுதிருந்தால் நான் தேற்றியிருப்பேன். அவள் அழவில்லை, பாத்திரம் துடைத்துக்கொண்டு சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பங்குனி மாதம் ஒரு வழி பிறந்தது. மற்ற வழக்கெல்லாம் நடக்கட்டும், இந்த ஒரு தட்டை மட்டும் விடுவோம் என்று இரண்டு பக்கத்து வழக்கறிஞர்களும் பேசி முடித்தார்கள். ஊவே கையெழுத்துப் போட்டான். சபீனா அடுத்த கிழமை போடுவதாகச் சொன்னாள்.

அந்த ஏழு நாள் என் மனிசனுக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு ஒரு புத்தகமோ பாட்டுத்தட்டோ வந்தால் அதைச் சும்மா கடைக்கு அனுப்பத் தெரியாது. வெளியீட்டு விழா வைக்க வேண்டும். மண்டபம், மங்கள விளக்கு, அகவணக்கம், வாழ்த்துரை, அதற்குமேல் ஆய்வுரை, கடைசியில் முதற்பிரதி வழங்கல். முதற்பிரதி தனக்குத் தரவில்லை என்று கோபித்துக் கதைபேச்சை விட்டவர்கள் இந்த ஹாகனிலேயே இருக்கிறார்கள். இவர் மண்டபம் பிடித்து, ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் ஜெர்மனிலும் அழைப்பிதழ் அடித்து, ஊவேக்கு ஒன்று, சபீனாவுக்கு ஒன்று என்று தபாலிலும் போட்டுவிட்டுத்தான் என்னிடம் காட்டினார்.

“ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறன், பாரும்,” என்றார். “ஒரு பக்கத்தை விட்டா மற்றப் பக்கம் கோவிக்கும். விளக்கேத்தேக்கை ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில நிண்டா மனமும் இளகும்.”

மங்கள விளக்கேற்றல் என்ற இடத்தில், ‘உரிமையாளர் திரு. திருமதி ஊவே பிராண்ட் தம்பதியினர்’ என்று தங்க எழுத்தில் இருந்தது. ஜெர்மன் பக்கத்திலும் அதையே அப்படியே எழுதியிருந்தார்.

“பிரிஞ்ச சனத்தை ஏன் தம்பதி எண்டு போட்டனீங்கள்?”

“இன்னும் விவாகரத்துக் கிடைக்கேல்லைத்தானே. எழுதுற முறை ஒண்டு இருக்கு. உமக்கென்ன தெரியும்?”

எனக்குத் தெரியாதுதான். சபீனாவுக்குத் தெரிந்திருந்தது. நாலாம் நாள் அவளுடைய வழக்கறிஞரிடமிருந்து கஜந்திக்குச் செய்தி வந்தது. ஊவேதான் உரிமையாளர் என்று பாடகியின் குடும்பமே ஊரறிய அச்சடித்துக் கொடுத்திருப்பதால், இனி சபீனா கையெழுத்துப் போடமாட்டாள். கஜந்தி அதை எங்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டினாள். தன்னுடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

“ஒரு பேச்சுக்குப் போட்டதை இவ்வளவு பெரிசாக்கிறாளே,” என்றார் மனிசன்.

“உங்கட கண்டறியாத விழா,” என்றேன். வேறு என்னென்னவோ சொன்னேன். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

அடுத்த நாள் முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலை வேலையை முடித்துவிட்டு, நேரே ரயிலேறி அந்தக் கிராமத்துக்குப் போனேன். வழி முழுக்கச் சண்டைக்குத்தான் ஆயத்தம் பண்ணினேன். பெயர் ஒன்றுக்காக ஒரு பிள்ளையின் வாழ்க்கையை மறிப்பாயா என்று கேட்பதற்கு ஜெர்மன் வசனங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

சபீனா கொட்டில் வாசலில் நின்று வயர் சுற்றிக்கொண்டிருந்தாள். நரைத்த முடி, ஆண்களின் சப்பாத்து. கஜந்தியின் தாய் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“விடிகாலை பஸ் நீங்கள்தானா?” என்று கேட்டாள்.

எனக்கு விளங்கவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஒரு பாட்டைப் போட்டாள். இருட்டோடு எழுந்து, எல்லாருக்கும் சாப்பாடு கட்டி வைத்துவிட்டு, விடிகாலை பஸ்ஸில் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணைப் பற்றிக் கஜந்தி ஜெர்மனில் பாடினாள். இப்படி ஒரு பாட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. ஆயத்தம் பண்ணிய வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“இந்தப் பாட்டு வேண்டாம், விற்காது என்றான் ஊவே,” என்றாள் சபீனா. “நான்தான் விடவில்லை. இருபது வருடமாக இந்தக் கொட்டிலில் எல்லாப் பாட்டையும் பதிந்தது நான். எந்தத் தட்டிலாவது என் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது உங்கள் அழைப்பிதழிலும் நான் அவனுடைய பெண்சாதி மட்டும்தான்.”

“அது பிழைதான்,” என்றேன்.

“நான் உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்?”

“ஃபிறவ் யோகராசா.”

“அது உங்கள் புருசனுடைய பெயர். உங்களுடையது?”

வேலையிடத்தில் நான் ஃபிறவ் யோகராசா, அதாவது திருமதி. கோயிலில் யோகம் அண்ணையின் மனிசி. வீட்டில் அம்மா. இவர் என்னைக் கூப்பிடுவது ‘இஞ்சாரும்’ என்று, இங்கே பாரும் என்கிற மாதிரி. பெயரைச் சொன்னேன். அவள் அதைச் சொல்லிப் பார்த்தாள், வரவில்லை. திரும்பவும் சொன்னாள். சரியாக வரும்வரை விடவில்லை.

“அழைப்பிதழைத் திருத்தினால் கையெழுத்துப் போடுகிறேன்,” என்றாள்.

அங்கிருந்தே மனிசனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அடிச்சுக் குடுத்து முடிஞ்சுது,” என்றார். “இனி எல்லாருக்கும் திரும்பக் குடுக்க ஏலுமே? ஆர் அதை வாசிக்கப் போகினம்?”

“நான் வாசிச்சனான். நீங்கள் மாத்தேல்லையெண்டா நான் இண்டைக்கு வீட்டை வரமாட்டன். இவளின்ர கொட்டில்லதான் படுப்பன்.”

மறுபக்கத்தில் கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “சரி, சரி, வாரும்,” என்றார்.

புது அழைப்பிதழ் வந்தது. ‘மங்கள விளக்கேற்றல்: திருமதி சபீனா பிராண்ட், ஒலிப்பதிவாளர்.’ உரிமையாளர் என்ற சொல்லே இல்லை. ஊவே வரவில்லை என்று சொல்லிவிட்டான், நல்லதாய்ப் போயிற்று. சபீனா கையெழுத்துப் போட்டாள், கராஜ் திறந்தது. வெளியீட்டு விழா நாள் மட்டும் மாறவில்லை, பிங்ஸ்ரனுக்கு ஒரு வாரம் முந்திய சனிக்கிழமைதான். கன்ட்ரி விழாக்காரரும் கஜந்தியின் பெயரை உறுதிப்படுத்தினார்கள். அவள் அறைக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பாடிப் பழகினாள். எனக்கு மூச்சு வந்தது.

“உமக்கும் ஒரு பரிசு வைச்சிருக்கிறன்,” என்று மனிசன் புது அழைப்பிதழின் அடியில் விரலை வைத்தார். சங்கத் தலைவரை எடுத்துவிட்டு, ‘முதற்பிரதி பெறுபவர்: திருமதி யோகராசா’ என்று போட்டிருந்தார். அதற்கு மேலே, பாடகி ‘யோகராசா தம்பதியினரின் செல்வப் புதல்வி’ என்றும் இருந்தது. அவருடைய முகத்தில் அவ்வளவு சந்தோசம். மலைப்பக்கத்துப் பெண்ணுக்குத் திருத்தத் தெரிந்தவருக்கு, தன் வீட்டுப் பக்கம் கண் போகவே இல்லை.

“நல்லாயிருக்கு,” என்றேன்.

விழா மண்டபம் நிறைந்திருந்தது. சபீனா விளக்கேற்றினாள், பொன்னாடையும் போர்த்தினார்கள். பிறகு முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். ஆய்வுரை செய்தவர் கன்ட்ரி பாட்டுக்கும் தேவாரத்துக்கும் தொடர்பு கண்டுபிடித்து முடிக்க நெடுநேரம் எடுத்தார். அதற்குப் பிறகு, ஒலிவாங்கி என்றால் உயிரையே விடுகிற என் மனிசன் முன்னுக்கு வந்தார். கஜந்தி தங்கத் தாளில் சுற்றிய தட்டைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

“முதற்பிரதியைப் பெற்றுக்கொள்ள திருமதி யோகராசா அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்.”

கைதட்டினார்கள். நான் எழும்பவில்லை.

“திருமதி யோகராசா அவர்கள் வடைப் பக்கம் நிண்டால் முன்னுக்கு வரவும்,” என்றார். சனம் சிரித்தது. பிறகு என்னைக் கண்டுவிட்டார். ஒலிவாங்கியைக் கையால் பொத்தி, “இஞ்சாரும், வாருமன்,” என்றார். அதுவும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

எழும்பிப் போய்விடலாமா என்றும் இருந்தது. பிள்ளையின் நாளைக் கெடுக்கிறேனே என்றும் இருந்தது. ஆனாலும் கதிரையை விடவில்லை.

“ஏதும் பிரச்சினையா?” என்று சபீனா ஜெர்மனில் கேட்டாள்.

“இல்லை,” என்றேன். “என்னை இன்னும் கூப்பிடவில்லை.”

அவள் மடியில் கிடந்த அழைப்பிதழைத் திருப்பி ஜெர்மன் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, என்னைப் போலவே ஆடாமல் இருந்தாள்.

மண்டபத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. கஜந்தி என்னைப் பார்த்தாள், சபீனாவைப் பார்த்தாள். தாம்பாளத்தோடு தகப்பனின் காதுக்குள் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் கையிலிருந்த அழைப்பிதழைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். எத்தனையோ கந்தோர்ப் படிவங்களில் என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதின மனிசன். வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒலிவாங்கிக்குக் கிட்டப் போனார்.

“மங்கையற்கரசி,” என்றார். “மங்கையற்கரசி, வாரும்.”

நான் எழும்பிப் போய், என் பிள்ளையின் பாட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.