மாதாவுக்கு டெபோரா செய்த ஸ்டாண்டு

முதல் நாள் கையில் எடுத்தபோது இழைப்புளி டெபோராவைக் கொஞ்சமும் மதிக்கவில்லை. தள்ளினால் கட்டையைக் கடித்துக்கொண்டு நின்றது. இன்னும் அழுத்தித் தள்ளினால் எலி கொறித்த மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் குழந்தைக்குத் தலைவாருவதுபோல் மரத்தைச் சீவிக்கொண்டு போவதைப் பார்த்துத்தான் ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு இந்த ஆசை வந்தது. அந்த ஆளுக்குக் கொப்புளம் என்றால் என்னவென்றே தெரியாது போலிருக்கிறது.

கட்டைக்கு மட்டும் பஞ்சமில்லை. அவள் வேலை செய்வது திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு கேன்டீனில். பெட்டிக்குள் சாமான்கள் ஆடாமலிருக்க முட்டுக்கொடுத்து அனுப்புகிற பைன் கட்டைகள் அங்கே கேட்பாரற்றுக் கிடக்கும். கேட்டால், எடுத்துக்கொண்டு போ தாயே என்பார்கள். ஆள் உயரக் கட்டை இரண்டைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிய அன்று கண்டக்டர், "இன்னாக்கா, சிலுவப்பாடா? புனித வெள்ளிக்கு இன்னும் நாள் கீதே!" என்றார்.

ஒன்பதாவது நாள், இழைப்புளியின் தகட்டைக் கல்லில் அரைமணி நேரம் தேய்த்துத் தீட்டிவிட்டுத் தள்ளினாள். சர்ர்ரென்று ஒரு சுருள் எழும்பி வந்தது. தூக்கிப் பிடித்தால் அதன் வழியாக ஜன்னல் தெரிந்தது. அதை மணிக்கட்டில் வளையலாகச் சுற்றிக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு புருஷன் சாலமன் ஓடிவந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், லேசில் பதறாதவன்.

"இன்னாமே? கைய அறுத்துகினியா?"

"வளையல் வாங்கிகினேன்யா! சோக்கா கீதா பாரு!"

அதன்பிறகு வீட்டில் சீவல் இல்லாத இடமில்லை. சாலமன் சாம்பாரிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, "கறிவேப்பிலன்னு நென்ச்சேன்" என்பான்.

இதையெல்லாம் பொறுக்காதவர் ஒருவர் இருந்தார். சாலமனின் அக்கா வியாகுலம்மாள். அந்தத் தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியத்துக்கு அவர்தான் தலைவி. அக்டோபர் மாதம் முழுக்க ஒன்றரை அடி உயர மாதா சுரூபம் ஒரு வீட்டில் ஒரு இரவு தங்கும். மறுநாள் மாலை ஜெபமாலை சொல்லி அடுத்த வீட்டுக்குப் போகும். பாட்டன் காலத்துப் பீங்கான் சிலை. விழுந்தால் அவ்வளவுதான். மாதா நிற்பதற்கு வருஷா வருஷம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன்மேல் ஒரு போர்வை.

"மாதாவுக்கு நான் ஸ்டாண்டு செய்றேங்கா" என்றாள் டெபோரா.

"நீயா? உன் இட்லியே ஒரு பக்கம் சாஞ்சி கீது." வியாகுலம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். "செய்யி. ஆடாம நின்னுச்சின்னா மிச்ச மாசம் பூரா எல்லா வூட்டுக்கும் மாதாவோட அதுவும் போவும். ஆடிச்சோ, அந்த ரம்பத்த கடல்ல போட்டுடணும்."

டெபோராவின் முறை ஏழாம் தேதி. நான்கு கால்களையும் இழைத்து, உளியால் துளை பொளிந்து, கால்களின் முனையை அதில் இறக்கினாள். கடைசிக் காலைக் கட்டைச் சுத்தியால் தட்டியபோது 'டொப்' என்று உள்ளே உட்கார்ந்த சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்கவே இன்னொரு தடவை கழற்றிவிட்டு மறுபடி தட்டினாள். பிறகு சுரூபம் வைக்கப்போகிற மூலையில் நிறுத்தி, ஆடுகிற காலைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தாள். ஏழாம் தேதி மாதா வந்து நின்றார். அசைவே இல்லை. வியாகுலம்மாள் இரண்டு விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவர் வாயிலிருந்து வந்த அந்த ஒரு 'ம்' போதாதா? டெபோராவுக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை.

எட்டாம் தேதி மாதாவும் ஸ்டாண்டும் பெரிய ரோட்டு மேலிருந்த ஜூடியின் மாடி வீட்டுக்குப் போயின. ஜெபமாலை முடிந்ததும் ஜூடி முழங்காலில் நின்று, "மாதாவே, என் பொண்ணுக்கு அந்த வேல கெடைக்குமா?" என்று கேட்டாள்.

மாதா தலையாட்டினார்.

ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. முன்னே குனிந்து, பின்னே நிமிர்ந்து, மெதுவாக. ஜூடி அலறினாள். ஒருத்தி மயங்கி விழுந்து, யாரும் கவனிக்காததால் தானே எழுந்துகொண்டாள். "கெடைக்கும்னு சொல்லிட்டாங்கடி!"

டெபோராவின் கண் மட்டும் சுரூபத்தின் முகத்தில் இல்லை. ஸ்டாண்டின் பின்பக்க வலது காலில் இருந்தது. கீழே கன்டெய்னர் லாரி போகிறது, மாடி அதிர்கிறது, அந்தக் கால் தட்டுகிறது. அவள் வீட்டு மூலையில் கிரைண்டர் இருந்த இடத்தில் தரை பள்ளம். பள்ளத்துக்குள் நின்ற கால் மட்டும் மற்றவற்றைவிட அரை விரற்கடை அதிக நீளமாகிவிட்டது. அவள் ஸ்டாண்டு உலகத்தில் ஒரே ஒரு தரையில்தான் ஆடாது. அது அவள் வீட்டுத் தரை.

"அட்டைய மட்ச்சி கீய வெச்சிடு" என்றான் சாலமன், வீட்டுக்கு வந்ததும்.

"கிட்டயே விட மாட்டேன்றாங்கயா. ஸ்டாண்டத் தொட்டுக் கண்ல ஒத்திகிறாங்க!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு இருவருக்கும் பயம் வந்தது. சுரூபம் ஒருநாள் இன்னும் கொஞ்சம் குனிந்தால்? உண்மையைச் சொன்னால் ரம்பம் கடலுக்கு.

ஒன்பதாம் தேதி ஜூடியின் எதிர்வீட்டு கிறிஸ்டினாவின் முறை. காலடிப்பேட்டையிலிருந்தும் எம்.கே.பி. நகரிலிருந்தும் ஆட்டோவில் ஆட்கள் வந்துவிட்டார்கள். படிக்கட்டில் வரிசை. மருமகள் உண்டாவாளா? தலையாட்டல். விசா வருமா? தலையாட்டல். கடை வைக்கலாமா, வேண்டாமா? அதற்கும் தலையாட்டல். வியாகுலம்மாள் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். டெபோரா சுரூபத்துக்குப் பக்கத்திலேயே கையை ஏந்தினாற்போல் வைத்துக்கொண்டு நின்றாள். பார்த்தவர்கள், இன்னா பக்தி என்றார்கள்.

அப்போது பூமாரி வந்தாள். மீன் விற்கிறவள். புருஷனுக்கு மறுநாள் இதயத்தில் அவசர ஆபரேஷன்.

"தாயே, அவரு பொயைப்பாரா?"

மாதா அசையவில்லை.

வெளியே ரோட்டில் ஒரு லாரி குறுக்கே நின்று மொத்தப் போக்குவரத்தும் அடைத்துக்கொண்டிருந்தது. ஹாரன் சத்தம்தான் கேட்டது; சக்கரம் ஒன்றும் உருளவில்லை. பூமாரி காத்திருந்தாள். இன்னொரு தடவை கேட்டாள். பிறகு தரையில் அப்படியே குந்தி, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

டெபோரா அதற்குமேல் யோசிக்கவில்லை.

"அய்யோ பூமாரி, அழாதமே! மாதா ஒண்ணும் சொல்லல! யாருக்குமே ஒண்ணும் சொல்லல! அது என் ஸ்டாண்டு! ஒரு காலு நீட்டு! லாரி போனா ஆடும், நின்னா நிக்கும். தோ பாரு!" சுரூபத்தை இடது கையால் அணைத்துக்கொண்டு வலது கை விரலால் ஸ்டாண்டைத் தட்டினாள். டக், டக், டக்.

வியாகுலம்மாளின் முகம் சுண்டியது.

அந்த நேரம் பார்த்து ரோடு திறந்தது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு கிளம்பின. டெபோராவின் கைக்குள் மாதா ஆமாம், ஆமாம், ஆமாம் என்று ஆடத் தொடங்கினார். முதலில் சிரித்தது பூமாரி. அழுகையும் சிரிப்பும் முட்டி மோதி மூக்கில் வந்தன. அப்புறம் ஜூடி. அப்புறம் படிக்கட்டு முழுக்க.

வியாகுலம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்கு என் வூடு" என்றார். "ஆடாத ஸ்டாண்டோட வா. இல்லாங்காட்டி ரம்பத்தோட வா. கடலு பக்கத்துலதான் கீது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து வரும்போதும் டெபோராவின் தலைக்குள் கால்கள்தான். எந்தத் தரையில் வைத்து அறுப்பது? அக்கா வீட்டில் சரியாக நின்றால் அதற்கடுத்த வீட்டில் ஆடும். இன்னும் இருபத்தொரு வீடு, இருபத்தொரு தரை. தெருமுனையில் ஜன்னத் பிரியாணி விற்றுக்கொண்டிருந்தாள். மேடும் குழியுமான ரோட்டில் ஒரு இரும்பு ஸ்டாண்டு, அதன்மேல் இருபது கிலோ அண்டா. ஜன்னத் கரண்டியை உள்ளே விட்டுப் புரட்டுகிறாள், அண்டா அசையவில்லை.

டெபோரா குனிந்து பார்த்தாள். ஸ்டாண்டுக்கு மூன்றே கால்.

"ஜன்னத்து! உன்ன கட்டிப் புடிச்சிகவா?"

"மொதல்ல பார்சல் வாங்கு. கட்டிப் புடிக்கிறது ஃப்ரீ" என்றாள் ஜன்னத்.

மதியம் முழுக்க வீட்டில் ரம்பச் சத்தம். முன்பக்கத்து இரண்டு கால்களையும் உருவினாள், பின்பக்கத்து நீண்ட காலை மற்றதற்குச் சமமாக அறுத்தாள். முன் விளிம்பின் நடுவே புதிதாய்த் துளை பொளிந்தாள். ஒரு தடவை உளி சறுக்கிக் கட்டைவிரலில் ரத்தம். வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே வேலையைத் தொடர்ந்தாள். ஒற்றைக் கால் உள்ளே போக அடம்பிடித்தது. ஒரே ஒரு சீவல் சீவினாள். டொப். வாசற்படியில் வைத்தாள், நின்றது. சாலமனின் இரண்டு செருப்பின்மேல் வைத்தாள், அங்கேயும் நின்றது.

"என் வயித்து மேல வெச்சிப் பாக்காத" என்று சாலமன் எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

மாலை வியாகுலம்மாள் வீடு, அதுவும் பெரிய ரோட்டு மேல்தான். ஸ்டாண்டைப் பார்த்ததும், "இன்னாமே, நேத்திக்கி நாலு இருந்துச்சி, இன்னிக்கி மூணு கீது. நாளைக்கி ஒத்தக் கால்ல நிக்க வெப்பியா?" என்றார். மாதாவை ஏற்றிவைத்தார்கள். எல்லோர் கையிலும் ஜெபமாலை இருக்க, வாய் முணுமுணுக்க, கண் மட்டும் ஸ்டாண்டின் கால்களிலேயே இருந்தது.

லாரி வந்தது. ஜன்னல் கம்பி கிணுகிணுத்தது. மேசைமேல் தம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாக அலை. மாதா நின்றார். அடுத்த லாரி, அதற்கடுத்தது, நாற்பது அடிக் கன்டெய்னர். மாதா நின்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்து பக்கத்தில் நின்றிருந்த பூமாரி, டெபோராவின் காதருகே குனிந்தாள். "ஆப்ரேசன் முட்ஞ்சிட்சாம். இன்னும் கண்ணு தொறக்கல. ஆனா இவங்க ஆடாம நிக்கிறதப் பாத்தா எனுக்குக் கொஞ்சம் தெம்பா கீதுமே."

டெபோரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவர்களுக்கு நேர் முன்னால் இருந்த வியாகுலம்மாள் லேசாகத் திரும்பி, கையைப் பின்னால் நீட்டி, டெபோராவின் முக்காட்டில் சிக்கியிருந்த ஒரு மரச்சீவலைப் பிடுங்கினார். திட்டு வரப்போகிறது என்று டெபோரா கண்ணை மூடினாள். திறந்தபோது, அக்கா அந்தச் சுருளை மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டிருந்தார். பிறகு அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து மூடிவிட்டு, ஜெபமாலையின் அடுத்த மணிக்குப் போனார்.

டெபோராவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முக்காட்டை வாயில் வைத்து அழுத்தினாள். தோள் குலுங்கியது. பக்கத்தில் பூமாரிக்கும் தொற்றிக்கொண்டது. வீட்டில் இப்போது ஆடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள் இருவர்தான்.