பதினாறு மடங்கு ஸ்கோப்

அந்த ஸ்கோப்பை வாங்கச் சொன்னது நான்தான். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற எண்ணம் எனக்கு இல்லை. என் இடத்தில் நின்று அந்த இரண்டு பெட்டிகளையும் பார்த்திருந்தால் நீங்களும் அதைத்தான் எடுத்திருப்பீர்கள்.

என் கணவர் இராஜரட்ணம் இங்கே கனடாவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர். நவம்பர் வந்தால் கூட வேலை செய்கிற வெள்ளைக்காரர்களோடு பான்க்ரொப்ட் பக்கக் காட்டுக்கு மான் வேட்டைக்குப் போவார். மூன்று வருடமாகப் போகிறார், இருமலைத் தவிர வேறொன்றும் கொண்டுவந்ததில்லை. பிழை சுடுகிற துவக்கில் இல்லை, தூரத்தில் நிற்கிற மான் தன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாததுதான் பிழை என்று இந்த வருடம் கண்டுபிடித்து, துவக்குக்கு மேலே பூட்டிப் பார்க்கிற ஸ்கோப் ஒன்று வாங்கப் புறப்பட்டார். அவரைத் தனியே விட்டால் கடைக்காரன் முதலில் காட்டுகிற சாமானோடு வீட்டுக்கு வந்துவிடுவார். ஆகவே நானும் போனேன்.

குடுமி கட்டிய கடைக்காரப் பெடியன் இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று கறுப்பாக, சின்னதாக, மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரைக்கும் பெருப்பித்துக் காட்டுமாம். பெட்டிக்குள் அதைத் தவிர ஒரு கடதாசித் துண்டுதான் இருந்தது. விலையோ துவக்கின் விலையையும் தாண்டி நின்றது. மற்றது மலிவு. அது பதினாறு மடங்கு வரைக்கும் காட்டும், உள்ளே சிவப்பு லைட் எரியும், பூட்டுகிற வளையம், மூடி, துடைக்கிற துணி, கொண்டு திரிய ஒரு பை என்று எல்லாம் சும்மா வரும்.

"ஒன்பதோ பெரிசு, பதினாறோ பெரிசு?" என்று இவரைக் கேட்டேன்.

"அப்பிடி இல்லை மங்கை. மலிவானதிலை பெருப்பிச்சுப் பாக்கிறதெண்டால் கண்ணை நல்லாக் கிட்டக் கொண்டுபோக வேணுமாம். விலை கூடினதெண்டால் நாலு விரல் தள்ளி வைச்சே பாக்கலாமாம். பொழுதுபடுற நேரத்திலையும் துலக்கமாத் தெரியுமாம்."

"கிட்டக் கொண்டுபோனால் என்ன? நீங்கள் என்ன பொம்பிளை பாக்கவே போறியள், வெக்கப்படுறதுக்கு?"

நான் இரண்டையும் கண்ணில் வைத்து, கடையின் மறுபக்கச் சுவரில் தொங்கிய விளம்பரத்தைப் பார்த்தேன். கடை முழுக்க லைட் எரிகிறது, இரண்டிலும் ஒரே எழுத்து ஒரே மாதிரித்தான் தெரிந்தது. பெடியன் ஏதோ சொல்ல வாய் திறந்தான். நான் மலிவான பெட்டியையும் பையையும் தூக்கிக்கொண்டு காசு கட்டுகிற இடத்துக்கு நடந்துவிட்டேன்.

தீபாவளிக்கு முதல்நாள் பின்னேரம் இவர் காட்டிலிருந்து வந்து இறங்கினார். வான் வண்டியின் பின்பக்கத்தில் ஒரு மான் கிடந்தது. இவருடைய வலது புருவத்துக்கு மேலே, மூக்குப் பக்கமாக, மூன்றாம்பிறை வடிவில் ஒரு வெட்டும் இருந்தது. நடந்தது இதுதான். மரங்களுக்கு நடுவே மான் வந்து நிற்க, இவர் ஸ்கோப்பைப் பதினாறுக்குத் திருகியிருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை. முகத்தைக் கிட்டக் கொண்டுபோயிருக்கிறார், இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட. வட்டம் முழுதாகத் தெரிந்ததும் வெடி வைத்திருக்கிறார். துவக்குப் பின்னால் உதைக்க, ஸ்கோப்பின் விளிம்பு வந்து நெற்றியில் இறங்கிவிட்டது. மானும் விழுந்தது, இவரும் விழுந்தார்.

நான் நன்றாகச் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகுதான் சனிக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது.

சனிக்கிழமை எங்கள் மகள் கஜனியைக் கேட்டு மிதுனனின் தாய் தகப்பன் வருவதாக இருந்தது. பிள்ளைகள் இரண்டும் தாங்களாகவே விரும்பிய சம்பந்தம்தான். ஆனாலும் பெரியவர்கள் சந்தித்துச் சரி சொல்ல வேண்டும் என்பதில் மிதுனன் பிடிவாதமாக இருந்தான். கஜனி ஒருமுறை வெக்ஸ்போர்ட்டில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது கீரையும் பருப்பும் கொடுத்திருக்கிறார்கள். மச்ச வாடையே கிடையாதாம், சுத்த சைவமாம். வந்து எங்களுக்கு ஒரே கட்டளை.

"அம்மா, சீரியஸ்லி, ஹன்ரிங் எண்ட வேர்டே வரக்கூடாது. அப்பா வேட்டைக்குப் போறதை மிதுனுக்கே நான் சொல்லேல்லை. ப்ளீஸ். அவையள் முட்டைகூடத் தொடமாட்டினம்."

கஜனி இதுவரை எந்தச் சம்பந்தத்துக்கும் மசியாதவள். நாங்கள் எதைக் கதைத்தாலும் போனைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டுகிறவள். இந்தப் பெடியனைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதைக்கிறாள். அதைக் கண்ட நாளிலிருந்து இந்தக் கலியாணம் நடக்கவேண்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை. இப்போது நான் பார்த்து எடுத்த ஸ்கோப், வருகிற சம்பந்திக்கு நேரே தெரிகிற மாதிரி இவர் நெற்றியில் முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறது. இது குழம்பினால் பழி முழுக்க என் தலையில்தான்.

இறைச்சியைக் கராஜில் இருக்கிற ஃப்ரீசரில் அடுக்கி, மேலே பழைய போர்வை ஒன்றைப் போட்டேன். கந்தசஷ்டி விரதமும் தொடங்கிவிட்டது, அது ஒரு விதத்தில் வசதியாகப் போயிற்று. சனிக்கிழமை காலையில் இவரைக் கதிரையில் இருத்தி, நெற்றி முழுக்க விபூதியைக் குழைத்துப் பூசினேன். வெட்டு மறைகிற அளவுக்கு மூன்று தடவை பூச வேண்டியிருந்தது.

"மங்கை, நெத்தி இழுக்குது."

"இழுக்கட்டும். சிரியாதையுங்கோ, புருவத்தை உயர்த்தாதையுங்கோ, குனியாதையுங்கோ. ஆரும் கேட்டால் கபேர்ட் கதவு அடிச்சதெண்டு சொல்லுங்கோ."

மத்தியானம் மிதுனனோடு வந்தார்கள். மிதுனனின் தகப்பன் ஜெயரட்ணம் மெலிந்த, சத்தமில்லாத மனிதர். தாய் தவமலர் அவரைவிட அரை அடி உயரம். பெரிய குங்குமப் பொட்டு, மையால் தடிப்பாகக் கீறிய புருவம், நிமிர்ந்த நடை. சப்பாத்தைக் கழற்றுகிற இடத்தில் நின்று எங்கள் கோட்டுக் கொழுவியையே கொஞ்சநேரம் பார்த்தார். திரும்பிப் பார்த்த எனக்கு உயிர் போய்வந்தது. இவருடைய செம்மஞ்சள் வேட்டைத் தொப்பி அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. என் சால்வையை எடுத்து அதன்மேல் கொழுவிவிட்டு, "வாங்கோ, வாங்கோ" என்றேன்.

விரத நாள், ஆகவே தேத்தண்ணியும் வாழைப்பழமும் மட்டும்தான். இவர் சாமி படத்தில் இருக்கிறவரைப் போல அசையாமல் இருந்தார். வீட்டுக்குள் ஹீற்றரை நான் கூட்டி வைத்திருந்தது பிழையாகப் போயிற்று. இவருக்கு வியர்க்கத் தொடங்கியது. ஜெயரட்ணம் அண்ணை எதையோ கேட்க, பதில் சொல்லக் குனிந்த நேரம், விபூதி ஒரு துண்டாகப் பெயர்ந்து தேத்தண்ணிக் கோப்பைக்குள் விழுந்தது.

பிறை சிவப்பாக, பளிச்சென்று வெளியே வந்தது. கஜனி என்னைப் பார்த்த பார்வையை என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன்.

"அது கபேர்ட் கதவு அடிச்சது" என்றார் இவர், யாரும் கேட்காமலே.

தவமலர் எழுந்தார். இவருக்குக் கிட்ட வந்து, குனிந்து நெற்றியை நன்றாகப் பார்த்தார். போகப் போகிறார்கள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"கதவு எத்தினை மடங்கிலை இருந்தது?" என்று கேட்டார் தவமலர்.

"பதினாறு" என்று சொல்லிவிட்டுத்தான் இவர் நாக்கைக் கடித்தார்.

"பதினாறோ! மரத்துக்கு நடுவிலை நிக்கிற மானுக்குப் பதினாறு எதுக்கு? மூண்டு, நாலு காணுமே!" என்றவர், தன் சேலைத் தலைப்பால் வலது புருவத்தை அழுத்தித் துடைத்தார். மை போன இடத்தில் வெள்ளையாக ஒரு பழைய பிறை இருந்தது. "இது என்ரை முதல் மலிவு ஸ்கோப் தந்தது. கொழுவியிலை தொப்பியைக் கண்டவுடனையே எனக்குச் சந்தேகம்தான்."

"அம்மா!" என்று தலையில் கைவைத்தான் மிதுனன். கஜனி அவர்கள் வீட்டுக்குப் போனதைப் போலவே, அவன் முதன்முதல் எங்கள் வீட்டுக்கு வந்ததும் மச்சம் சமைக்காத ஒரு வெள்ளிக்கிழமை. நான் சாம்பாரும் வாழைக்காய்ப் பொரியலும் வைத்திருந்தேன். அவனும் போய், கஜனி வீட்டில் முட்டைகூடத் தொடமாட்டார்கள், துவக்குக் கதையே எடுக்காதே என்று தாய்க்குக் கட்டளை போட்டிருக்கிறான். வெளியே ஒன்றாகக் கோழி கடிக்கிற இரண்டும், வீட்டில் இருக்கிற எங்களை ஆளுக்கொரு மடத்தில் இருத்தி வைத்திருந்திருக்கிறார்கள்.

"இவ சுட்டுக்கொண்டு வருவா" என்றார் ஜெயரட்ணம் அண்ணை மெதுவாக. "எனக்கு இரத்தத்தைக் கண்டால் தலை சுத்தும். கறி மட்டும் நான் வைப்பன்."

பிறகு எங்கள் வீட்டில் யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்றே தெரியவில்லை. தவமலர் கராஜுக்குப் போய் ஃப்ரீசரைத் திறந்து பார்த்து, இறைச்சி வெட்டிய விதம் சரியில்லை என்று இவருக்கு வகுப்பெடுத்தார். திரும்பி வந்து கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"எங்களுக்குச் சீதனம் ஒண்டும் வேண்டாம்" என்றார். "ஆனா ஒரு நிபந்தனை இருக்கு."

நான் கதிரை நுனிக்கு வந்தேன்.

"உந்த ஸ்கோப்பைக் கழட்டிப்போட்டு நல்லதொண்டு பூட்ட வேணும். கலியாணப் படத்திலை சம்பந்தியின்ரை நெத்தியிலை இன்னொரு பிறை இருக்கக்கூடாது. அது சரி, உதை ஆர் பாத்து வாங்கினது?"

இவர் மேலே பார்த்தார். கஜனி என்னைப் பார்த்தாள்.

"பையும் சும்மா வந்தது" என்றேன் நான்.

சூரன்போருக்கு முதல்நாள் பின்னேரம் தவமலர் என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். இவருக்கு வேலை. மிதுனன்தான் காரை ஓட்டினான், கஜனி முன் சீற்றில். துவக்குக் கடை தங்களுக்குப் போர் அடிக்கும் என்று இரண்டும் காருக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். குடுமிப் பெடியன் என்னைக் கண்டதும் அதே இரண்டையும் எடுத்து வைத்தான்.

"லைட்டுக்கு நடுவிலை பாத்தால் எல்லாம் நல்லாத்தான் தெரியும்" என்று தவமலர் என்னைக் கடை வாசலுக்கு அழைத்துப்போனார். குளிர்காலத்துக்கு நேரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாற்றியாகிவிட்டது, ஐந்து மணிக்கே பொழுதுபட்டுக்கொண்டிருந்தது. "தூரத்திலை இருட்டா இருக்கிற ஏதாவதொண்டைப் பாருங்கோ."

பார்க்கிங்கின் கடைசியில் எங்கள் கார் நின்றது. முதலில் மலிவானதை வைத்தேன். கண்ணை முன்னே பின்னே அசைத்து வட்டத்தைப் பிடிக்கவே பாடாகிவிட்டது. பிடித்த பிறகும் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பாய் இரண்டு தலை, அவ்வளவுதான். பிறகு மற்றதை எடுத்தேன். தேடவே தேவையிருக்கவில்லை, கார் தானாக வந்து வட்டத்துக்குள் நின்றது.

கஜனி இரண்டு கையாலும் ஒரு பேர்கரைப் பிடித்திருந்தாள். அதற்குள்ளிருந்து சலாது இலை ஒன்று தொங்கியது, இறைச்சியின் விளிம்பும் தெரிந்தது. அவள் நாடியில் வழிந்த சோஸை மிதுனன் விரலால் துடைக்க, அவள் வாய் நிறையச் சாப்பாட்டோடு சிரித்தாள். போன் முன்னால் டாஷ்போர்டில் கவிழ்ந்து கிடந்தது. விடிந்தால் சூரன்போர். விரத காலம். எனக்குக் கோபம்தான் வந்திருக்கவேண்டும். ஆனால் என் பிள்ளையை அவ்வளவு சந்தோசமாக, அவ்வளவு துலக்கமாக நான் முதன்முதலாகப் பார்த்தேன். மனம் நிறைந்துபோயிற்று.

"என்ன தெரியுது?" என்றார் தவமலர்.

"வடிவாத் தெரியுது."

"எங்கை, எனக்கும் ஒருக்கால் தாங்கோ."

"உங்களுக்கு எதுக்கு? நீங்கள் பாக்காத ஸ்கோப்பே!" என்று அதைக் கையோடு உள்ளே கொண்டுபோய் மேசையில் வைத்தேன். "இதையே கட்டச் சொல்லுங்கோ."

இத்தனை விலை கொடுக்கிறோம், துடைக்கிற துணியாவது சும்மா தா என்று பெடியனிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே தந்தான். காரில் ஏறியதும் தவமலர் சீற்பெல்ட்டை இழுக்கிற நேரம் பார்த்து, அந்தத் துணியை முன் சீற்றுக்கு நீட்டினேன்.

"வாயைத் துடை" என்றேன் கஜனியின் காதுக்குள். "அவனுக்கும் குடு."