நிறுத்தக்கூடாத மின்விசிறி

கப்ரியேல் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் எறிந்தார். கடலில் ஒரு கப்பல் தன் செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் பாதிதான் காதில் விழுந்தது. மீதிப் பாதியில், காய்ந்த எண்ணெயில் கடுகைக் கொட்டிய மாதிரி படபடவென்று ஒரே இரைச்சல். "நாசமாப் போக," என்றார், இன்னாரை என்றில்லாமல்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனில், ஆற்றங்கரையில் இருந்த கம்பியில்லாத் தந்தி நிலையம் அது. கடலில் வரும் கப்பல்கள் மோர்ஸ் குறியீட்டில் தட்டுவதைக் காதால் வாங்கிக் கையால் எழுத வேண்டும். அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோரும் புதுச்சேரித் தமிழர்கள். பழைய சாதி வழக்கச் சட்டம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்து, பிரெஞ்சுப் பெயர் வாங்கி, சட்டப்படி வெள்ளைக்காரனுக்குச் சமமானவர்கள். சட்டம் காகிதத்தில் இருந்தது. மின்விசிறி வெள்ளைக்காரன் அறையில் இருந்தது.

அந்த விசிறிக்காகக் கப்ரியேல் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மனு மேல் மனு போட்டார். நிலையத் தலைவர் வெர்னியே துரை, "வெயிலில் பிறந்தவர்களுக்கு விசிறி எதற்கு?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கப்ரியேல் விழுங்கவில்லை. மேலிடம் வரைக்கும் போய், மல்லுக்கு நின்று, ஒரு விசிறியை வாங்கித் தம் அறைக் கூரையில் மாட்ட வைத்தார். மாட்டிய அன்றே அறைக்குள் ஒரு பேச்சு முடிவானது. எது வந்தாலும் அதை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் தேவையில்லை போல என்று துரை கழற்றிக்கொண்டு போய்விடுவார். மழை கொட்டிக் குளிர் எடுக்கும் நாளிலும் அது சுற்றியது. காகிதம் பறக்காமலிருக்க ஆளுக்கொரு கருங்கல்லை மேசையில் வைத்துக்கொண்டார்கள். பக்கத்து மேசை இக்னாஸுக்குச் சளி பிடித்தது, தும்மிக்கொண்டே வேலை பார்த்தார், எழுந்துபோய் ஸ்விட்சைத் தொடவில்லை.

இப்போது இந்த இரைச்சல். வெர்னியே வந்து அரைகுறைச் செய்தியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "காற்று சுகமாக வருகிறது, தூங்கிவிட்டீர்கள். இன்னொரு செய்தி இப்படி வந்தால் விசிறியைக் கழற்றிவிடுவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். கப்ரியேலுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது.

பக்கத்தில் எங்கோ ஒரு மோட்டார் பொறி தட்டுகிறது என்பது அவருக்குத் தெரியும். மோட்டாருக்குள் கரித்துண்டு உரசுகிற இடத்தில் பொறி பறந்தால், அந்தப் பொறியே ஒரு குட்டித் தந்தி நிலையம் மாதிரி இரைச்சலை அனுப்பும். யார் வீட்டு மோட்டார்? பின்சுவரை ஒட்டிக் காரைக்கால் காதர் மைதீனின் தையல்கடை இருந்தது. புதிதாகத் தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டியிருந்தார். போதாதா. கப்ரியேல் நேரே போய்க் கடை வாசலில் நின்றுகொண்டு வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார்.

"பெருநாள் வருது, துணியெல்லாம் குமிஞ்சு கெடக்கு. நிப்பாட்டச் சொன்னா எப்படிங்க?" என்றார் காதர் மைதீன்.

"என் பொழப்பு போவுது பாய். நிறுத்துங்க."

அவர் முணுமுணுத்தபடி நிறுத்தினார். கப்ரியேல் ஓடிவந்து ஹெட்போனை மாட்டினார். கடுகு வெடித்துக்கொண்டே இருந்தது. வாசலில் நிழல் விழுந்தது. காதர் மைதீன் பின்னாலேயே வந்திருந்தார், முகம் கறுத்திருந்தது.

"போச்சா சத்தம்?"

கப்ரியேல் இல்லை என்று தலையாட்டினார்.

"ஊரான் மோட்டாரையெல்லாம் நிப்பாட்டச் சொல்றீங்களே, ஒங்க தலைக்கு மேல சுத்துதே, அது என்னங்க? அத நிப்பாட்டிப் பாத்தீங்களா?"

கப்ரியேல் எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தார். மாட்டிய நாளிலிருந்து நிற்காத விசிறி, தயங்கித் தயங்கி நின்றது. ஹெட்போனில் இரைச்சல் முக்கால்வாசி அடங்கியது. ஓயாமல் ஓடி ஓடிக் கரித்துண்டு தேய்ந்து போயிருக்கிறது. வீறாப்பாக ஓடவிட்டதே வினையாகிவிட்டது. அவருக்கு வந்த ஆத்திரத்தில் தம் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "மன்னிச்சுக்குங்க பாய்," என்றார். "போய் மெஷின ஓட்டுங்க."

"வெளிய மூச்சு விடாதீங்க," என்றார் இக்னாஸ். "துரைக்குத் தெரிஞ்சா இன்னிக்கே கழட்டிடுவான்."

கப்ரியேல் மறுபடி ஹெட்போனை மாட்டினார். மிச்சமிருந்த கால்வாசி இரைச்சல் அவர் காதை அரித்துக்கொண்டிருந்தது. நடுப்பகலில் வெர்னியே சாப்பிட்டுத் தூங்க வீட்டுக்குப் போனார். அவர் அறை விசிறியைச் சேவகன் அணைத்தான். அந்த நொடியே அந்தக் கால்வாசியும் செத்தது. கப்பலின் புள்ளியும் கோடும் மணி மணியாக விழுந்தன. கப்ரியேல் எழுதி முடித்தார். பிறகு எழுந்து நிலையத்துப் பட்டறைக்குப் போனார்.

கரித்துண்டு இருக்கிற இடத்தில் ஒரு கண்டன்சரை இணைத்தால் பொறியின் இரைச்சல் கம்பியில் ஏறாமல் அங்கேயே அமுங்கிவிடும். பட்டறையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அடுத்தது கப்பலில் வந்தால்தான் உண்டு. அதை எடுத்துக்கொண்டு, துரை திரும்பி வந்ததும் அவர் அறைக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் பிரெஞ்சில் சொன்னார்.

வெர்னியே தம் விசிறிக்கு அடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கண்டன்சரை என் விசிறியில் வையுங்கள். உங்களுடையதைக் கழற்றுங்கள்."

இவ்வளவுதான். எழுதிக் கொடுத்த காகிதம், மாற்றிக்கொண்ட பெயர், போட்ட மனு எல்லாவற்றுக்கும் விலை இவ்வளவுதான். கப்ரியேல் கண்டன்சரோடு தம் அறைக்கு வந்தார். இக்னாஸ் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மேலே ஏறிக் கண்டன்சரைத் தம் விசிறியில் இணைத்தார். ஸ்விட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. ஹெட்போனில் முக்கால்வாசி இரைச்சல் இல்லை. மற்றது இருந்தது.

ஹெட்போனின் நீளமான கம்பியைத் துரையின் அறை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், வெர்னியேயின் காதில் தாமே மாட்டிவிட்டார். துரை அதிர்ந்து போய்ப் பார்த்தார். அவர் காதுக்குள் கடுகு வெடித்தது.

"என் விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது மொசியே," என்றார் கப்ரியேல். "கேட்கிறதா? இது உங்களுடையது."

"என் உத்தரவு என்ன?"

"செய்தி கெட்டால் விசிறி போகும் என்பது உத்தரவு. எந்த விசிறி கெடுக்கிறதோ அது போகட்டும். இல்லை, என்னுடையதுதான் போக வேண்டும் என்றால், ஏன் என்று காரணம் எழுதி இதே அறையிலிருந்து மேலிடத்துக்கு அனுப்புங்கள். நானே தட்டித் தருகிறேன்."

வெர்னியேயின் கை பேனாப் பக்கம் போகவில்லை. கப்ரியேல் சுவரோரம் போய்த் துரையின் விசிறி ஸ்விட்சை அணைத்தார். இறக்கைகள் மெல்ல நின்றன. துரையின் காதில் இப்போது கப்பல் ஒன்று தன் பெயரைத் தெளிவாகத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"வெயில் உங்களுக்கும் பழகிவிடும்," என்று சொல்லிவிட்டுக் கப்ரியேல் ஹெட்போனை வாங்கிக்கொண்டு போனார்.