கூட்டுக்குள் ஒரு முகம்

பொருநை நீரின்மேல் மாலைவெயில் பொன்துகள் தூவ, நாற்றசையும் வயல்களுக்கு அப்பால், கல்லாலான அடித்தளத்தின்மேல் செங்கல்லும் சுதையுமாய் ஏறஏறக் குறுகி, ஏழு நிலைகளில் கீழ் மூன்றில் மட்டும் இன்னும் மூங்கிற் சாரம் போர்த்து, உச்சியில் செப்புக் குடங்கள் ஏந்தி நின்றது கீழைக் கோபுரம். அதன் மூன்றாம் நிலையில், கொடுங்கை எனும் கூரைவிளிம்பின் வளைவில் குதிரைக் குளம்பு போல் அமைந்த சிறு மாடமாகிய கூடு ஒன்றின் முன், சுதைச் சிற்பி நாறும்பூ காலை முதலே அமர்ந்திருந்தான். மற்றக் கூடுகளிலெல்லாம் கந்தருவர் முகங்களை விளையாட்டாய் வனைந்து முடித்த அவன் கை, இந்த ஒன்றில் மட்டும் அப்புவதும் வழிப்பதுமாய்த் தடுமாறியது. சென்ற ஆடியில் அம்மை கண்டு மறைந்த நான்கு வயது மகள் வடிவின் முகத்தை அங்கே இருத்த விழைந்தான் அவன். கோபுரம் நிற்குங்காலம் அவளும் நிற்பாளன்றோ! விடிந்தால் அந்நிலையின் சாரம் பிரிக்கப்படும்.

கருப்பட்டி நீரும் கடுக்காய்ச் சாறும் சேர்த்தரைத்த சுண்ணச்சாந்தைச் சுமந்தேறி வந்த மனைவி உலகம்மை, அம்முகத்தைக் கண்டு சட்டியை இறக்கவும் மறந்து நின்றாள்.

"யாரு இது?"

"தெரியலயாளா? நம்ம வடிவு."

"எம் புள்ள மூக்கு இப்பிடியா இருந்துச்சு? இது ஒங்க அக்கா மூக்குல்லா!"

"அப்பம் நீ சொல்லு. செய்யுதேன்."

அவள் சொல்லச் சொல்ல அவன் திருத்தினான். திருத்தத் திருத்த, அது எவர் வீட்டுக் குழந்தையோ ஆகிக்கொண்டிருந்தது.

"கன்னத்துல குழி விழுமே, அத வையுங்க. வலது பக்கம்."

"எடது பக்கம்லா."

"பெத்தவ சொல்லுதேன்!"

"தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவன் நானு!"

சினந்து நோக்கிய இருவர் விழிகளும், வெல்லும் வலிமை எவர்க்கும் இன்மையால், ஒருங்கே தாழ்ந்தன. உலகம்மை மூங்கிலைப் பற்றியபடி மெல்ல அமர்ந்தாள்.

"நெசமாவே நெனவு வரலங்க. பத்து மாசத்துல மறந்துட்டனே, பாவி!"

"எனக்கும்தான் வரல, உலகு. காலையிலேருந்து கண்ண மூடி மூடிப் பாக்கேன்."

சாந்து இறுகத் தொடங்கியிருந்தது. நாறும்பூ அவள் கையைப் பற்றி, சுண்ணம் அரித்து வெடித்திருந்த விரலை வலக்கன்னத்தில் பதித்தான். இடக்கன்னத்தில் தன் விரலை அழுத்தினான். இரு குழிகளோடும் நகைத்தது அம்முகம். அவர்கள் மகள் ஒருநாளும் அவ்வாறு நகைத்ததில்லை என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

மறுநாள் சாரம் பிரிந்தது. அண்ணாந்து நோக்கியோர் யாளிகளையும் வாயிற்காவலரையும் கண்டு வியந்தனர். நெல்லிக்காயளவே தெரிந்த அம்முகத்தின் கன்னக்குழிகளை எவர் கண்ணும் எட்டவில்லை. கல்லையும் சுதையையும் நெடுநாள் விட்டுவைக்கும் காலம், மறைந்த மழலையின் முகத்தை மட்டும், பெற்றோர் நெஞ்சினின்றே முதலில் பறித்துக்கொண்டு போய்விடுகின்றது.