ராக்கப்பன் தோட்டத்துக் கத்தரி

வாசலில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, கொட்டகையிலிருந்து இரண்டு பெண்கள் காய்க்கூடைகளை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடப்பதைச் சித்ரா பார்த்தாள். ஷாமியானாவுக்குக் கீழே, கணவர் ராக்கப்பனின் தலைமாட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். நேற்றுச் சாயங்காலம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போனது. அதிலிருந்து அழுதழுது மரத்துப்போயிருந்த உடம்பு, அந்தக் கூடைகளைக் கண்டதும் ஒருமுறை தூக்கிப்போட்டது.

அவர்கள் எங்கே போகிறார்கள் என்று பக்கத்திலிருந்த ராசம்மாளைக் கேட்டாள். ராசம்மாள் ராக்கப்பனின் அக்காள், சித்ராவுக்கு நங்கையாள். எழவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, ஆனால் சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்குச் சோறு போட்டாக வேண்டும். அதனால் பக்கத்து வீட்டு மருதாத்தாள் தன் வீட்டில் உலை வைத்திருக்கிறாளாம். இன்றைக்குக் குழம்பும் பொரியலும் ராக்கப்பன் தோட்டத்துக் கத்தரியில்தான் இருக்க வேண்டும் என்று மருதாத்தாள் ஒரே பிடியாக நிற்கிறாளாம். வந்திருக்கிற அத்தனை பேரும் அவர் கையால் விளைந்ததைக் கடைசியாக ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றாளாம்.

சித்ரா மறுபடி தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ராக்கப்பன் பெரிய ஆள் ஒன்றும் கிடையாது. இரண்டரை ஏக்கர், ஒரு போர்வெல், பத்தாம் வகுப்பில் ஃபெயில். ஆனால் எருத்தேம்பதியிலிருந்து அட்டப்பாடி அகளி வரைக்கும், மருந்து அடிக்காமல் காய்கனி விளைவிக்கிற முந்நூறு பேருக்கு அவருடைய போன் நம்பர் மனப்பாடம். விடிகாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் காபி ஆறி ஆடை கட்டும் வரை பேச்சு ஓயாது. பாகல் பிஞ்சிலேயே வெம்புகிறது, பப்பாளி இலை சுருள்கிறது, தக்காளியின் அடி கறுக்கிறது என்று ஆளுக்கொரு புகார். "இலைக்கு மேலயா, அடியிலயாங்க? போன வாரம் என்ன ஊத்துனீங்க?" என்று டாக்டரைப் போலக் கேட்பார். டாக்டருக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தெரியாததைத் தெரிந்த மாதிரி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "எனக்குத் தெரியலீங்க, விசாரிச்சுச் சொல்றனுங்க" என்பார். அப்படிச் சொல்லி நழுவுகிறவர்கள் ஊரில் ஆயிரம் பேர். இந்த மனிதர் நிஜமாகவே விசாரிப்பார். விவசாய ஆபீசான கிருஷி பவனுக்குப் போய் நிற்பார், காலேஜ் வாத்தியாரைக் கூப்பிடுவார், வட்டவடை மலையில் கேரட் போடுகிறவரை எழுப்பிக் கேட்பார். மூன்றாம் நாள் பதிலோடு கூப்பிடுவார்.

கேட்டது, சொன்னது எல்லாம் நீள நோட்டுகளில் இருந்தன. ஒரு பக்கம் 'சரிப்பட்டது', எதிர்ப்பக்கம் 'சரிப்படாதது'. இரண்டாவதுதான் எப்போதும் நீளம். தோற்றதை எல்லாம் இப்படிக் கணக்காக எழுதி வைக்கிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று சித்ரா கேலி செய்தால், அந்தப் பக்கத்தைப் பார்க்கத்தான் ஜனங்கள் வருகிறார்கள் என்று சிரிப்பார்.

பத்துப் பேராகச் சேர்ந்து ஒரு குழுவும் வைத்திருந்தார்கள். போகத்துக்கு ஒருமுறை ஒருவர் தோட்டத்துக்குள் மற்றவர்கள் இறங்கிப் பார்த்து, மருந்து படாத தோட்டம் என்று கையெழுத்துப் போட வேண்டும். சான்று பத்துப் பேருக்கும் சேர்த்து ஒன்றுதான். ஒருவர் மருந்து அடித்துவிட்டுத் தானே வந்து சொன்னால், அவர் தோட்டம் மட்டும் மூன்று வருஷத்துக்குக் குழுவிலிருந்து விலகி நிற்கும். மறைத்தது பின்னால் தெரிந்தால் பத்துப் பேருடையதும் போகும். இந்த விதியைப் பிடிவாதமாக எழுதிச் சேர்த்தவரே ராக்கப்பன்தான்.

அந்தத் தோட்டத்துக் கத்தரிக்குத்தான் புதன்கிழமை காலையில் சித்ரா மருந்து அடித்திருந்தாள்.

ராக்கப்பன் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்து எட்டு நாள் ஆகியிருந்தது. நல்ல தேற்றம், திங்கட்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொன்னார். மாற்றுத் துணி எடுக்க வந்தவள் தோட்டத்தை எட்டிப் பார்த்தாள். கத்தரிக் கொழுந்தெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. காயைப் பிளந்தால் உள்ளே புழு. அவர் திங்கட்கிழமை வந்து முதலில் நிற்கப்போகிற இடம் அதுதான் என்பது அவளுக்குத் தெரியும். நோட்டைப் புரட்டினாள். கத்தரிப் புழுவுக்கு மட்டும் நாலு பக்கம் இருந்தது. ஒன்றை ஏழு நாள் ஊறவைக்க வேண்டும், இன்னொன்றை நடவிலிருந்தே ஊற்றிவர வேண்டும். அவளிடம் இருந்தது அரை நாள்.

போனை எடுத்து யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சமாக இருந்தது. முந்நூறு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் வீட்டில் புழு என்றால், வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஊர் சிரிக்காதா? இருபத்தைந்து வருஷம் அவர் பேச்சைக் காதில் வாங்கியும் ஒன்றும் மனதில் ஏற்றாமல் இருந்திருக்கிறோமே என்ற வெட்கம் வேறு. பஸ் ஏறி, தன்னைத் தெரியாத ஊரில் ஒரு கடையில் பாட்டில் வாங்கினாள். பத்து நாளைக்குக் காய் பறிக்காதே என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு அடித்தாள், குளித்தாள், ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கத்தரி எப்படி இருக்கிறது என்றுதான் அவர் முதலில் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றாள். என்ன ஊற்றினாய் என்றார். புளித்த மோர் என்று வாயில் வந்ததைச் சொன்னாள். "மோரா?" என்று கேட்டவர், அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். மோருக்கு அந்தப் புழு சாகாது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடலாம் என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டாவது முறை நெஞ்சு வலி வந்தது.

சித்ரா ராசம்மாளின் காதில் விஷயத்தைச் சொன்னாள். பறை அடித்துக்கொண்டிருந்ததால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முறை ராசம்மாளின் முகம் மாறிவிட்டது. ஆனால் அவள் கெட்டிக்காரி. சட்டென்று சுதாரித்துக்கொண்டு வழி சொன்னாள்.

"காயெல்லாம் புழு உழுந்து போச்சு, பறிக்க வேண்டாம்னு நானே போயிச் சொல்லிப்போட்டு வர்றன். பொணம் எடுக்கற நேரத்துல ஆரு உள்ள பூந்து பாக்கப் போறா? நீ வாயத் தொறக்காத அம்மிணி. இன்னிக்குப் போயி எந் தம்பி பேரக் கெடுக்கோணுமா?"

சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அந்த ஒரு பொய் போதும். யாருடைய வயிற்றுக்கும் கெடுதல் இல்லை, பிணத்துக்கும் மரியாதை. சித்ரா வாசலைப் பார்த்தாள். அகளியிலிருந்து ஆனைகட்டி வழியாக வந்த வாழைக்காரர் ஜிஜோ, செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். ராக்கப்பனை அவர் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவையாம். ஆறு வருஷமாகக் குரலை மட்டும் கேட்டவர். அப்படிக் குரலை மட்டும் கேட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் இருந்தார்கள். ஒருவர் போனில் சொன்னதை நம்பி ஒரு போகத்தையே பணயம் வைத்தவர்கள். அடுத்த வாரம் இந்தத் தோட்டத்துக்குள் இறங்கி, ராக்கப்பன் தோட்டம்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடப்போகிறவர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

சித்ரா எழுந்தாள்.

பறை ஒரு கணம் தடுமாறியது. பிணம் எடுக்கும் வரை கட்டினவள் தலைமாட்டை விட்டு எழக் கூடாது. ராசம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், பித்துப் பிடித்துவிட்டது என்று இரண்டு பெண்கள் ஓடிவந்து தோளை அமுக்கினார்கள். மகன் சந்தீப் ஈர வேட்டியோடு அம்மா அம்மா என்று குறுக்கே வந்தான். அவனை விலக்கிவிட்டு, அவிழ்ந்த தலையோடு அவள் தோட்டத்துக்கு நடந்தாள். பின்னாலேயே கூட்டமும் நடந்தது.

கூடை முக்கால்வாசி நிரம்பியிருந்தது. நல்ல ஊதா நிறத்தில், புள்ளி விழாத காய்கள். மருந்து வேலை செய்திருந்தது. மருதாத்தாளும் அங்கே வந்து, காம்போடு ஒன்றைப் பறித்துக் கையில் வைத்திருந்தாள். அறுபது வயதிலும் தனியாக ஒன்றரை ஏக்கர் காய்கறி போடுகிறவள். குழுவில் ராக்கப்பனுக்கு அடுத்து அவள் சொல்தான்.

"அக்கா, பறிக்காதீங்க. அதுல மருந்து இருக்குது. நாந்தான் அடிச்சேன். அவருக்குத் தெரியாதுங்க."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குரல் உடைந்தது. ஏனென்றால் அது நிஜமா என்று அவளுக்கே தெரியாது.

வரப்பில் நின்றவர்கள் செடியைப் பார்த்தார்கள், மண்ணைப் பார்த்தார்கள், சித்ராவை மட்டும் பார்க்கவில்லை. மருதாத்தாள் கையிலிருந்த காயைக் கூடையில் போட்டாள். திட்டப்போகிறாள் என்று சித்ரா தலையைக் குனிந்தாள்.

"என்ன மருந்து?" என்று கேட்டாள் மருதாத்தாள்.

சித்ரா பெயரைச் சொன்னாள். டேங்குக்கு எத்தனை மில்லி, என்றைக்கு, காலையிலா சாயங்காலமா, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று மருதாத்தாள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள். குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. ராக்கப்பன் போனில் கேட்கிற அதே வரிசை. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல, நாலு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைச் சித்ரா உணர்ந்தாள். முந்நூறு பேர் விடியுமுன் எழுந்து ஏன் அந்த மனிதரைக் கூப்பிட்டார்கள் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமல்லோ அம்மிணி?"

"ஊரே வந்து கேக்கற ஊட்டுல இருந்துக்கிட்டு, நான் ஆருகிட்டப் போயிக் கேக்கறதுங்க்கா?"

"நாங்க கேட்டமே. வெக்கப்பட்டமா?"

மருதாத்தாள் அருகில் வந்து, அவிழ்ந்து கிடந்த அவள் தலையை அள்ளி முடிந்துவிட்டாள். அப்புறம் குழுவில் இருந்தவர்கள் பக்கம் திரும்பி, இந்தத் தோட்டம் இன்றைய தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்கு வெளியே என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். ராக்கப்பன் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார் என்றாள். ஒருவரும் மறுக்கவில்லை. ராசம்மாள் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பறித்த காயை மாட்டுக்குக்கூடப் போடாமல், வேலி ஓரத்தில் குழி தோண்டி மூடினார்கள்.

அப்படியானால் சோற்றுக்குக் காய்க்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். வேலந்தாவளம் சந்தையில் வாங்கி வரலாம் என்றார் இன்னொருவர். மருந்து மணக்கிற சந்தைக் காயை இந்த வாசலில் இலையில் வைப்பதா என்று அவரை மற்றவர்கள் அடக்கிவிட்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் தங்கள் தோட்டத்தில் பறித்து வருகிறோம் என்று குழுக்காரர்கள் சொன்னார்கள்.

"வேண்டாம். இன்னிக்கு அவருது இல்லைன்னா வேற ஆருதும் வேண்டாம்" என்றாள் மருதாத்தாள்.

பதினோரு மணிக்குப் பிணத்தை எடுத்தார்கள். அதற்கு முன் சித்ரா தலைமாட்டுக்குத் திரும்பி வந்து, குனிந்து, மோர் இல்லைங்க என்று அவர் காதோரம் சொன்னாள். பறைச் சத்தத்தில் அது பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து, ஆண்கள் குளித்துவிட்டு ஈரத் துணியோடு திரும்ப மணி இரண்டாகிவிட்டது. மருதாத்தாள் வீட்டுக் களத்தில் பந்தி போட்டார்கள். சுவர் ஓரமாக, மற்றப் பெண்களோடு சித்ராவை உட்கார வைத்திருந்தார்கள். அங்கிருந்து பந்தி முழுக்கத் தெரிந்தது.

நீள நீளமாக இலை விழுந்தது. தண்ணீர் தெளித்துத் துடைத்தார்கள். உப்பு வைத்தார்கள். அடுத்தாற்போலச் சோறு வந்தது, ரசம் வந்தது. இலையின் மேல்பாதியில், பொரியலும் கூட்டும் வைக்கிற இடத்தில், எதுவும் வரவில்லை. பந்தியில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் காய்கறி விளைவிக்கிறவர்கள். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை, அக்கம்பக்கம் கேட்கவும் இல்லை. ஜிஜோ சோற்றைக் குழித்துக்கொண்டு கையேந்தினார். மருதாத்தாள் குனிந்து ரசம் ஊற்றினாள்.

"இன்னுங் கொஞ்சம் சோறு வெக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

வையுங்கள் என்று அவர் இலையை முன்னால் நகர்த்தினார்.